பக்கத்து மெஷின்

நீங்களே ஜன்னலோரம் இருந்துக்கங்க. எனக்கு இந்த எடம் போதுமுங்க. பைய மேல போட்டாச்சு, இனி காங்கயம் வரைக்கும் எந்திரிக்கற சோலி இல்ல. நீங்க திருப்பூருங்களா? அப்ப எனக்கு முந்தி எறங்கமாட்டீங்க. நல்லதாப் போச்சு, பேசிட்டே போலாம்.

இப்ப ஜன்னல் வழியா உங்ககிட்ட பேசிட்டுப் போனாருங்களே, அவரு எங்க பக்கத்து வீட்டுக்காரரு. ஆரோக்கியசாமின்னு பேரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருந்து ரிட்டையர்டு ஆனவரு. தங்கமான மனுஷன்தான், ஆனா ஊர் வம்பு ஜாஸ்தி. நான் திருச்சிக்குக் குடி வந்த நாள்ல இருந்து பாக்கறேன், சாயங்காலமானா வாசல்ல நிப்பாரு. சாப்ட்டீங்களா தம்பி, வேல எப்படிப் போகுது தம்பி, ஏன் தம்பி எளச்சுட்டீங்க. எல்லாம் கேட்டுட்டு உள்ள போயி போன எடுத்து யாருகிட்டயோ பேசுவாரு. பொழுது போகாத மனுஷன்னு நான் கண்டுக்கறதில்லீங்க.

இன்னிக்கு என்னடான்னா காலங்காத்தால கதவத் தட்டறாரு. உங்க அண்ணன் வீட்டுலேருந்து பேசுனாங்க, ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க தம்பிங்கறாரு. என்னவாம்னு கேட்டேன். சும்மாத்தானாம்னுட்டு, அவங்க சம்சாரத்தக் கூப்புட்டு எனக்கு இட்லி வெக்கச் சொன்னாரு. நான் சாப்புடற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. அப்புறம் அவரே ஸ்கூட்டர்ல கொண்டாந்து பஸ்ஸும் ஏத்திவிட்டுட்டாரு. டிக்கெட்டுக்கு என்னைய பைல கை வெக்க வுடலீங்க.

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புங்க. ஏன்னு சொல்லுங்க பாப்போம். எங்கண்ணன் என்னைய வெரட்டி விட்டு ஒரு வருஷமாச்சு. இந்த ஒரு வருஷத்துல ஒரு போன் இல்ல, நல்லா இருக்கறயான்னு ஒரு வார்த்த இல்ல. இப்பக் கூப்புடறான்னா என்ன அர்த்தம்? நான் இல்லாம அங்க வண்டி ஓடல. அவ்வளவுதான். கூப்புடறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு சம்சாரத்த வுட்டுப் பேசச் சொல்லியிருக்கறான். போறேன். போயி மூஞ்சிக்கு நேரா நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன். நான் சொன்னது சரியா தப்பா, அத மட்டும் உன் வாயால சொல்லுன்னு. அவன் சரின்னு சொல்லோணும். அதுக்குத்தானுங்க இந்தப் பயணம்.

நீங்க என்ன சோலி பண்றீங்க? பனியனுக்கு பட்டன் காஜாங்களா. அப்ப கம்ப்யூட்டர் பாஷையெல்லாம் உங்களுக்குப் பழக்கம் இருக்காது. வெவரமாவே சொல்றேன், கேளுங்க.

அண்ணன் பேரு சென்னியப்பன். காங்கயத்துல அரிசி மில்லுகளுக்கு கண்ட்ரோல் பேனல் செஞ்சு குடுக்கறான். நெல்லு அவிக்கற பாய்லரு, காயவெக்கற டிரையரு, உமி எடுக்கற மெஷினு, பாலிஷ் போடற மெஷினு, இதெல்லாம் எப்ப ஓடோணும் எப்ப நிக்கோணும்னு சொல்ற பொட்டி அது. மெஷினுக்கு ஒரு பொட்டி, பொட்டிக்கு ஒரு சின்னத் திரை. முந்தியெல்லாம் வெளியூர்க்காரன் வந்து இங்கிலீஷ்ல புரோகிராம் எழுதிட்டுப் போயிருவான். ஒரு சின்ன மாத்தம் வேணும்னாலும் அவன் கால்லதான் விழுகோணும். எங்கண்ணனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. மில்லுக்காரன் அவனே தமிழ்ல எழுதிக்கற மாதிரி ஒரு பாஷையே செஞ்சுட்டானுங்க. பேரு ‘சொல்படி’. தொட்டி நெறையற வரைக்கும் நெல்லக் கொட்டு, சூடு ஏறுனா நிறுத்து, இப்படி எழுதுனாப் போதும். மெஷின் சொன்னபடி கேக்கும்.

படிச்சது டிப்ளமா எலக்ட்ரிகல்தானுங்க. ஆனா மூள. அதுல நான் அவனக் கொற சொல்லமாட்டேன். மத்த எல்லாத்துலயும் சொல்லுவேன்.

பாஷைன்னு ஒண்ணு செஞ்சா, தப்பு நடந்தா அது என்ன சொல்லோணும்னும் முடிவு பண்ணோணுமில்லீங்களா. அங்கதான் நான் வாறேன். தப்புல ரெண்டு வகைங்க. ஒண்ணு எழுதும்போதே வர்ற தப்பு. நீங்க வாக்கியத்தத் தாறுமாறா எழுதுனா ஓடறதுக்கு முந்தியே பாஷை உங்களப் புடிச்சு நிறுத்திரும். அதுல வில்லங்கம் ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஓடும்போது வர்ற தப்பு. எழுதுனதுல ஒரு குத்தமும் இருக்காது. நல்லா ஓடிக்கிட்டிருக்கும். திடீர்னு நடுவழில மக்கர் பண்ணும். வந்த மூட்டைய வந்த ஆளுகளுக்கு சமமாப் பிரின்னு எழுதியிருப்பீங்க, அருமையான வாக்கியம். அன்னிக்குன்னு ஊர்ல நோம்பி, ஒரு ஆளும் வேலைக்கு வரல. யாருக்குப் பிரிக்கறது? மெஷின் முழிக்கும். இல்லீனா பத்துத் தொட்டி இருக்கற மில்லுல பதினொண்ணாந் தொட்டில கொட்டோணும்னு வந்து நிக்கும். அந்தத் தொட்டிக்கு எங்க போறது?

இந்த ஓடும்போது வர்ற தப்புக்கெல்லாம் பேரு வெச்சு, தரம் பிரிச்சு, மெஷின் அத எப்படி மனுஷங்கிட்ட சொல்லோணும்னு எழுதறது, அதுதான் எங்கண்ணன் எனக்குக் குடுத்த எலாகா. அதுக்கு நாந்தான் மந்திரின்னு வெச்சுக்கங்களேன்.

மொதல்ல அண்ணனே எழுதி வெச்சிருந்தான். செவப்பு எழுத்துல, ‘பிழை. பூஜ்ஜியத்தால் வகுத்தல். ஓட்டம் நிறுத்தப்பட்டது.’ அவ்வளவுதான். ஒரு மனுஷன் மொகத்துல அப்படிப் போட்டு ஒடைக்கலாமுங்களா? நாம அப்படியா பழகியிருக்கறோம்?

எங்க பெரியப்பா தவறுனப்ப எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கறீங்க? நான் அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். வீட்டுல இருந்து எனக்கா போன் பண்ணுனாங்க? வார்டனுக்குப் பண்ணுனாங்க. வார்டன் எங்கிட்டயா சொன்னாரு? பக்கத்து ரூம்காரங்கிட்ட சொன்னாரு. அவன் வந்து, சாப்ட்டியாடான்னு கேட்டான். இல்லடான்னேன். மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயி, பூரி வாங்கிக் குடுத்து, நான் கை கழுவற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறந்தான் சொன்னான். ஒண்ணுமில்லடா, உங்க பெரியப்பாவுக்குக் கொஞ்சம் முடியலயாம், ஒரு எட்டு போயிட்டு வான்னான். எவ்வளவு பதனமாச் சொன்னான் பாருங்க. ஒரு மனுஷன் வழில ஒடிஞ்சு உக்காந்துராம பஸ் ஏறி ஊர் வந்து சேர வெக்கற ஏற்பாடுங்க அது. எத்தன தலமொறையா டெஸ்ட் பண்ணுன மொற. அத வுட்டுப்போட்டு பூஜ்ஜியத்தால் வகுத்தல்ங்கறான்.

அதையேதான் நான் பாஷைக்குள்ள கொண்டாந்தேன். அண்ணங்கிட்ட சொன்னப்ப வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். மெஷினுக்கு எதுக்குடா எழவு சொல்லத் தெரியோணும்னான். அப்புறம் ஒரு நாள் பூரா யோசிச்சுட்டு, சரி போடு, பாப்போம்னான். இத நல்லா மனசுல வெச்சுக்கங்க. சரின்னு சொன்னது அவன்.

மொத காரியம், சத்தத்த மாத்துனேன். மத்த பாஷைல எல்லாம் தப்பு பெருசானா சத்தம் பெருசாகும். நம்ம வீட்டுல அப்படியா? டம்ளர் கீழ உழுந்தா தெருவே கேக்கற மாதிரிக் கத்துவாங்க. ஆளே உழுந்துட்டா மூலைல நின்னு குசுகுசுன்னு பேசுவாங்க. அதனால சின்னத் தப்புக்கெல்லாம் சைரன் வெச்சேன். தொட்டி மூடிய தொறந்து போட்டுட்டுப் போனா, ‘ஏன்டா, மூடி வெக்க என்ன கேடு? கை என்ன ஒடஞ்சா போச்சு?’ன்னு திரை முழுக்கப் பெரிய எழுத்துல வரும். மில்லு ஆளுகளுக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சுங்க. வீட்டுல இருக்கற மாதிரியே இருக்குதுன்னாங்க. தப்பு பெருசாகப் பெருசாக எழுத்து சின்னதாகும், சத்தம் எறங்கும். இருக்கறதுலயே பெரிய தப்புக்கு சத்தமே கெடையாது. பொடி எழுத்துல ‘ஒண்ணுமில்லீங்க’ன்னு மட்டும் வரும்.

அப்புறம், சம்பந்தப்பட்ட மெஷின்ல தப்பச் சொல்லக்கூடாதுன்னு வெச்சேன். டிரையர்ல கோளாறுன்னா பாலிஷ் மெஷின் திரைல வரும். பாலிஷ்ல கோளாறுன்னா டிரையர்ல வரும். ஏன் சிரிக்கறீங்க? நேரடியாச் சொல்லப்படாதுங்க, தாங்கமாட்டாங்க. பக்கத்துலதான் சொல்லோணும். இதுல ஒரே ஒரு செரமம், ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல கெட்டுப் போனா அதது அடுத்ததப் பத்தியே சொல்லிக்கிட்டு, தனக்கு ஒண்ணுமில்லைன்னு ஓடிட்டே இருக்கும். மனுஷனும் அப்படித்தான இருக்கறான்னு அண்ணங்கிட்ட சொன்னேன். அவன் நெத்தியத் தேச்சுக்கிட்டான்.

ஒரே ஒரு மெஷின் வெச்சிருக்கற சின்ன மில்லும் இருக்குதில்லீங்களா. அதுக்கு ஏது பக்கத்து மெஷினு? அங்க பக்கத்து மில்லுக்காரருக்கு போன் போற மாதிரி செஞ்சு வெச்சேன். வெள்ளக்கோயில்ல மாமன் மச்சான் ரெண்டு பேரு, மில்லுக்கு மில்லு ஒட்டுன செவுரு, பேச்சுவார்த்த அத்துப் போயி வருசக்கணக்காச்சு. எங்க பாஷையால ஒருத்தன் மெஷின் கெட்டா இன்னொருத்தனுக்கு போன் போகும். மொத தடவ போன் வந்தவன், எதுத்தவனுக்கு நல்லா வேணும்னு சந்தோசப்பட்டுட்டு சும்மா இருந்துட்டான். ரெண்டாந் தடவ அவன் மெஷினே கெட்டுப் போச்சு. அப்புறம் ஒருத்தன் வீட்டுக் கதவ ஒருத்தன் தட்டித்தான் ஆகோணும். இப்ப சம்பந்தமே பேசிட்டிருக்கறாங்களாமா. இதெல்லாம் எங்கண்ணன் கணக்குல எடுத்துக்கவே இல்லீங்க.

இன்னொண்ணும் வெச்சேன். வெறும் வயித்துல யாருக்கும் கெட்ட சேதி சொல்லப்படாது. பெரிய தப்புன்னா திரை மொதல்ல ‘சாப்ட்டீங்களா?’ன்னு கேக்கும். ஆச்சுன்னு அமுத்துனாத்தான் மேற்கொண்டு பேசும். இல்லைன்னா, போயி மொதல்ல சாப்ட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டுக் காத்திருக்கும். சாப்ட்டுட்டு வந்து என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லும். அதுக்கு மேல உண்மை தெரிஞ்சே ஆகோணும்னு நெனச்சா இன்னொரு தடவ கேக்கோணும். ரெண்டாந் தடவ கேட்டா மறைக்கப்படாது, உள்ளது உள்ளபடி சொல்லிரோணும். அது விதி. ஊர்லயும் அப்படித்தானுங்களே. மொத தடவ கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. மெய்யாலுமே என்னன்னு சொல்லுன்னு ரெண்டாந் தடவ கேட்டா, அப்புறம் யாராலயும் பொய் சொல்ல முடியாது.

கரூர் வந்துருச்சுங்களா. பஸ்ஸு செத்த நேரம் நிக்கும். நீங்க எறங்கறீங்களா? எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க.

அட, எதுக்குங்க வாழப்பழம்? நாந்தான் வேண்டாம்னு சொன்னேனே. சரி, குடுங்க. உங்க கை ராசி, நல்லா இனிக்குது. நீங்க சாப்புடலீங்களா? நான் சாப்புடறதையே பாத்துட்டிருக்கறீங்க.

எங்க உட்டேன்? ஆங், விதி சொன்னேன். அப்புறந்தானுங்க வில்லங்கம், போன தை மாசம், தெய்வானையம்மா மில்லுல. அந்தம்மா வீட்டுக்காரரு போன பின்னால அவங்களே தனியா மில்ல நடத்தறாங்க. அங்க ஆப்பரேட்டரு குழந்தசாமின்னு ஒருத்தன். பொய்யே பேசாத மனுஷன், அதுதான் வெனையே. அன்னிக்கு டிரையர்ல சூடு பாக்கற கருவி செத்துப் போச்சு. சூடு ஏறுனா நிறுத்துன்னு புரோகிராம்ல எழுதியிருக்குது. ஏறிச்சா இல்லையான்னு சொல்ற கருவிகிட்ட இருந்து பதிலே இல்ல. இதவிடப் பெரிய தப்பு எங்க பாஷைல கெடையாதுங்க. அதனால சத்தமே வரல. பக்கத்து பாலிஷ் மெஷின்ல பொடி எழுத்துல ‘சாப்ட்டீங்களா?’ன்னு வந்துச்சு.

குழந்தசாமி இல்லைன்னு அமுத்துனான். போயி மொதல்ல சாப்ட்டுட்டு வாங்கன்னு சொல்லுச்சு. இந்த மில்லுல இத்தன வருசத்துல என்னையப் பாத்து சாப்ட்டியான்னு கேட்டது இந்த மெஷின் ஒண்ணுதான்னு கண்ணு கலங்கிட்டானாமா. வீட்டுக்குப் போயி, ரசத்துக்கு மறுசோறு வாங்கிச் சாப்ட்டுட்டு, ஆற அமர வந்து ஆச்சுன்னு அமுத்துனான். அதுவரைக்கும் டிரையர் சூடு ஏறிக்கிட்டே இருந்துச்சு. திரைல, ‘ஒண்ணுமில்லீங்க. டிரையருக்குக் கொஞ்சம் முடியல. ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.’

நம்மூர்க்காரனுக்கு அது போதாதுங்களா? அவனுக்குப் புரிஞ்சு போச்சு. டிரையர் போயிருச்சுன்னு முடிவே பண்ணிட்டு அப்படியே தரைல உக்காந்துட்டான். ரெண்டாந் தடவ கேட்டிருந்தா கருவி செத்துருச்சு, கரண்ட நிறுத்துன்னு உண்மைய சொல்லியிருக்கும். ஏன்டா கேக்கலைன்னு பின்னால கேட்டதுக்கு, கேக்க மனசு வரலீங்கன்னான். கேக்காத வரைக்கும் ஒருவேள நல்லா இருக்குமோன்னு ஒரு நெனப்பு இருக்குமில்லீங்களான்னான்.

சரி, தெய்வானையம்மாவுக்காவது நேரா போன் பண்ணுனானா? எப்படிப் பண்ணுவான், அந்தம்மா தாங்கமாட்டாங்களே. அவங்க பக்கத்து வீட்டுக்குப் பண்ணி, மில்லுல ஒண்ணுமில்ல, அம்மாவ ஒரு எட்டு வரச் சொல்லுங்கன்னான், அழுதுக்கிட்டே. பக்கத்து வீட்டுக்காரங்க அந்தம்மாவுக்குச் சாப்பாடு போட்டுட்டு அதையே சொன்னாங்க. அந்தம்மா என்ன நெனைப்பாங்க? குழந்தசாமிதான் போயிட்டான்னு நெனச்சுட்டாங்க. நேரா மில்லுக்கு வராம, ஒரு வேன் புடிச்சு, வழில மாலையும் வாங்கிக்கிட்டு, குழந்தசாமி வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்க போயும் சும்மா சொல்லல பாருங்க. அவன் சம்சாரத்துகிட்ட, சாப்ட்டியா கண்ணுன்னு கேட்டிருக்கறாங்க. அந்தப் பொண்ணுக்கு அதுக்கு மேல வெளக்கம் வேணுமா? இப்பத்தான மறுசோறு போட்டனுப்புனேன்னு கத்தி அழுதுக்கிட்டு அதுவும் வேன்ல ஏறிருச்சு. சொந்தபந்தமெல்லாம் ஏறிருச்சு.

மில்லு கேட்ட தொறந்தா குழந்தசாமி நின்னு அழுதுட்டிருக்கறான். இவங்களப் பாத்ததும் இன்னும் சத்தமா அழுதான், டிரையருக்கு இத்தன பேர் வந்திருக்கறாங்களேன்னு. அவன் சம்சாரம் அவனக் கட்டிப் புடிச்சு அழுகுது, உசுரோட இருக்கறானேன்னு. பின்னால டிரையருக்குள்ள நெல்லு பூராவும் படபடன்னு பொரிஞ்சுட்டிருக்குது. கதவத் தொறந்ததும் வெள்ள வெளேர்னு பொரி வந்து கொட்டுச்சாமா. எழவுக்கு வந்தவங்களுக்குப் பொரி ரெடி. கொண்டாந்த மாலைய வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. டிரையருக்கே போட்டுட்டாங்க.

என்னங்க, இத்தன நேரம் சிரிச்சுட்டு வந்தீங்க, இங்க வந்து நிறுத்திட்டீங்க. இங்கதான எல்லாரும் சிரிப்பாங்க.

அண்ணன் வந்தான். மில்லுல வெச்சு அத்தன பேரு முன்னால கத்துனான் பாருங்க, அப்படியொரு கத்து. மொதல்ல நிறுத்தோணும்டா, அப்புறந்தான்டா சொல்லோணும்னு தொண்ட கிழியக் கத்துனான். நான் நிம்மதியா நின்னேனுங்க. கத்தறான்னா சின்ன விசயம்னுதான அர்த்தம். அதனால அவன் சொன்னத நான் மண்டைல ஏத்திக்கவே இல்ல. இந்த ஒரு வருஷமா யோசிச்சு யோசிச்சு நானே ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறேன். என்னன்னா, தப்பு வந்ததும் மெஷின மொதல்ல நிறுத்திப்போடோணும், சாப்ட்டியா கீப்ட்டியாங்கறதெல்லாம் அதுக்கப்புறம். இத இன்னிக்கு அவங்கிட்ட சொன்னா அசந்து போயிருவான்.

அடுத்த நாள் காலைல அவன் கத்தல. அதுதானுங்க எனக்கு ஆகல. எங்க நங்கை, அதாவது அண்ணன் சம்சாரம், தோச சுட்டு வெச்சாங்க. சாப்ட்டியா மோகனுன்னு கேட்டான். ஆச்சுண்ணான்னேன். என்ன விசயம்னு கேட்டேன். குரல எறக்கி, “ஒண்ணுமில்ல மோகனு, நீ கொஞ்ச நாளைக்குத் திருச்சில இரு, அங்க தெரிஞ்சவங்க கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லியிருக்கறேன்”ன்னான். வீடு கூட அவனே பாத்து வெச்சுட்டான், போயித் தொலஞ்சாச் சரின்னு. ரெண்டாந் தடவ நான் கேக்கல. பையத் தூக்கிட்டு வந்துட்டேன். கத்தியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனுங்க. அவனுக்கும் அது தெரியும்.

எங்கப்பா போன பின்னால என்னையத் தூக்கி வளத்தது அவந்தான். அந்த உரிமைல வெரட்டிட்டான். வெரட்டுனவன் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போன் பண்ணி இருக்கறயாடான்னு கேட்டிருக்கலாமில்லீங்களா. ஒரு வருஷம். நோம்பி வந்துச்சு, தீவாளி வந்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். ஆரோக்கியசாமிதான் ரசஞ்சாதம் கொண்டாந்து குடுத்தாரு. கொண்டாந்து குடுத்துட்டு வெராண்டாவுக்குப் போயி, இப்ப பரவால்லீங்க, சாப்ட்டாருங்கன்னு போன்ல சொல்லிட்டிருந்தாரு. அவரு வம்புக்கு ஒரு அளவே கெடையாது.

யாருகிட்டங்க சொன்னாரு?

இல்ல, சும்மா ஒரு யோசன வந்துச்சு. எனக்கு ஒரு அண்ணன் இருக்கறான்னு நான் ஆரோக்கியசாமிகிட்ட சொன்னதே இல்லீங்க. கோவத்துல யாருமே இல்லைன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலைல, உங்க அண்ணன் வீட்டுலேருந்து பேசுனாங்கன்னு அவரா சொல்றாரு. அவரு நம்பரு எங்க நங்கைக்கு எப்படிங்க தெரியும்? அந்த வீட்டப் பாத்துக் குடுத்தது அண்ணன். தெனமும் சாயங்காலம் என்னையக் கேட்டுட்டு உள்ள போயி போன எடுப்பாருங்க அவரு.

தெனமுங்க.

அட பாவி. பக்கத்து மெஷின்ல கேட்டுட்டே இருந்திருக்கறான். என்னையத் திட்டுனான், மெஷினுக்கு எழவு சொல்லத் தெரியோணுமான்னு சிரிச்சான். நான் எழுதுன எல்லாத்தையும் பாஷைல இருந்து அழிச்சுப்போட்டேன்னு ஊரெல்லாம் சொன்னான். கடைசில நான் எழுதுனபடியேதான் நடந்திருக்கறான். அப்ப நான் சொன்னது சரின்னுதானுங்களே ஆச்சு. சரின்னுதான் சொல்லியிருக்கறான், ஒரு வருஷமா, தெனமும். போயிக் கேக்கறதுக்கே இனி ஒண்ணுமில்லீங்க.

அப்புறம் எதுக்குங்க இன்னிக்கு அவன் பேசல? நங்கை எதுக்குப் பேசுனாங்க?

இட்லி வெச்சாங்க. நான் கை கழுவற வரைக்கும் பொறுத்திருந்தாரு.

நீங்க வாழப்பழம் வாங்கிக் குடுத்தீங்க.

ஏனுங்க, நான் பைய மேல போட்டுட்டிருந்தப்ப ஆரோக்கியசாமி ஜன்னல் வழியா உங்ககிட்ட என்ன சொன்னாரு?

ஒண்ணுமில்லீங்களா.

குரல எறக்கிச் சொல்றீங்க. எம் பக்கம் திரும்பாமச் சொல்றீங்க. சரிங்க. ரெண்டாந் தடவ கேட்டா நீங்க சொல்லிருவீங்க. மறைக்கப்படாது, அது விதி. எழுதுனவன் நாந்தான்.

நான் கேக்கலீங்க.

வெள்ளக்கோயில் போகட்டும். காங்கயத்துல எறங்கும்போது கேக்கறேன். வேண்டாம், அங்க நீங்க சொல்லாமயே தெரிஞ்சுரும். அதுவரைக்கும் ஓடிட்டிருக்கட்டுமுங்க. என்ற கையக் கொஞ்சம் புடிச்சுக்கங்க, ஒண்ணுமில்ல, பஸ்ஸு ஆடுது. இன்னும் நெம்ப இருக்குது அவனத் திட்டறதுக்கு, எல்லாத்தையும் சொல்றேன், நீங்க கேட்டுட்டே வாங்க. எங்கண்ணன் இருக்கறானுங்களே, அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தானுங்க.